நாற்பது விநாடி

அனிஸ்டாவைப் பற்றிய அறிக்கை செவ்வாய்க்கிழமை காலை வந்தது. பதினோரு பக்கம். ஓவிய ஆசிரியை ஆவுடைச்செல்வி முதல் பத்துப் பக்கங்களைத் தள்ளிவிட்டுக் கடைசிப் பக்கத்தில் இருந்த எண்ணைப் பார்த்தாள். எழுபத்தொன்று.

பெண் பிள்ளைகளுக்கான அந்தக் கூர்நோக்கு இல்லத்தில் அந்த எண்ணுக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. நாற்பதுக்குக் கீழே என்றால் வீடு. நாற்பதிலிருந்து அறுபது வரை என்றால் இன்னும் ஆறு மாதம் இங்கேயே. அறுபதைத் தாண்டினால் சென்னைக்கு அப்பால் இருக்கும் பாதுகாப்பு இல்லம். இருபத்தொரு வயது ஆகும்வரை வெளியே வர முடியாது. அனிஸ்டாவுக்கு இப்போது பதினேழு. போன மாதம்வரை அவளுடைய எண் முப்பத்தாறு. வெள்ளிக்கிழமை இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் அவளுக்கு விசாரணை.

எண்ணைத் தருவது ஒரு பேனா. பார்க்கச் சாதாரண மைப்பேனாதான். தாளில் எழுதும், கோடு போடும். ஆனால் பிடித்திருக்கும் விரலின் அழுத்தம், நடுக்கம், வேகம், தாளைத் தொடாமல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதுவரை எல்லாவற்றையும் பதிவுசெய்துகொள்ளும். ஒரு வருடப் படங்களை வைத்து, அந்தக் கைக்குரியவர் இன்னொரு முறை குற்றம் செய்யும் வாய்ப்பு நூற்றுக்கு எவ்வளவு என்று சொல்லிவிடும். அரசு அதற்குச் 'சுவடு' என்று பெயர் வைத்திருந்தது. பிள்ளைகள் வைத்த பெயர் 'மாட்டிவிடுற பேனா'.

"கோமதிக்குப் பன்னெண்டாம், டீச்சர்" என்று வகுப்பில் ஒருத்தி பொருமினாள். "வருசம் பூரா பரோட்டாவே வரைஞ்சா. எனக்கு நாப்பத்தெட்டு."

"பரோட்டா வரைஞ்சா பசின்னுதாம்ட்டி பேனா எழுதும். நீ ஒங்க சித்தப்பாவ வரைஞ்ச. அது பயந்துட்டு" என்றாள் கோமதி.

பேனா வருவதற்கு முன்னால் ஒரு மனநல ஆலோசகர் வருவார். பிள்ளைக்கு அரை மணி நேரம் ஒதுக்குவார். நன்றாக அழத் தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள், தெரியாதவர்கள் இருந்தார்கள். அந்த அநியாயத்தைத் தீர்க்கத்தான் பேனா வந்தது. செல்வி அதை நம்பினாள். அனிஸ்டா அழத் தெரியாதவள் என்பதால் இன்னும் அதிகமாக நம்பினாள்.

பள்ளி விடுதியில் அனிஸ்டாவுக்கும் அவள் சிநேகிதி யாழிசைக்கும் ஒரு செல்போனை வைத்துச் சண்டை. மாடிப்படியின் உச்சியில் நின்று சண்டை போட்டார்கள். அனிஸ்டா தள்ளினாள். ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் யாழிசை இறந்துபோனாள். போலீஸ் வாக்குமூலத்தில் அனிஸ்டா சொன்னது ஒரே சொல்: தள்ளினேன். அதற்குப் பிறகு அதைப்பற்றி யாரிடமும் பேசவில்லை.

ஆனால் வரைந்தாள். பதினான்கு மாதமாக ஒரே படம். மேலே நின்று கீழே பார்க்கும் கோணத்தில் அந்த விடுதிப் படிக்கட்டு. இருபத்திரண்டு படிகள், கைப்பிடி, திருப்பத்தில் செருப்பு வைக்கும் தட்டு, கவிழ்த்துப் போட்ட ஒரு வாளி. கம்பியில் ஏறிய துருவைக்கூட விடவில்லை. கீழே, படி முடியும் இடத்தில் மட்டும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் தாள் வெறுமையாக இருந்தது. வகுப்பு முடிய பத்து நிமிடம் இருக்கும்போது அந்த இடத்துக்கு மேலே பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மணி அடித்ததும் மூடி வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

போன மாதம் கலைநாள். இயக்குநர் வருவதாக இருந்தது. புதிய திட்டத்தின்படி, பாதிக்கப்பட்ட குடும்பத்தினரில் விரும்பியவர்களையும் அழைத்திருந்தார்கள். காலை எட்டரை மணிக்குக் கண்காணிப்பாளர் தங்கபுஷ்பம் படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர் அனிஸ்டாவின் படத்தின் முன் நின்றார்.

"செல்வி, இது ஏன் பாதியில நிக்கி? டைரக்டர் வந்து இதென்ன ஓட்டைன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

அனிஸ்டா அப்போது அடுப்படியில் சர்பத்துக்கு எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தாள். அவள் பேனா படத்தின் பக்கத்திலேயே கிடந்தது. பிள்ளைகளின் பேனாவைத் தொட மாட்டேன் என்று பயிற்சியின்போது செல்வி கையெழுத்துப் போட்டிருந்தாள். ஆனால் இங்கே வருவதற்கு முன் இருபத்திரண்டு வருடம் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியை. கண்காட்சி என்றால் காலையிலேயே போய்ப் பிள்ளைகளின் படங்களில் கைவைப்பது வேலையில் ஒரு பாகம். கோணலான அடிவானத்தை நேராக்குவது, மரத்துக்கு நிழல் தருவது, மூக்கில்லாத முகத்துக்கு மூக்கு வைப்பது. எல்லா ஓவிய ஆசிரியர்களும் செய்வார்கள். யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை, பிள்ளைகள் உட்பட.

செல்வி பேனாவை எடுத்தாள். வெற்றிடத்தில் ஒரு பெண்ணைப் படுக்கவைத்தாள். இரட்டைப் பின்னல், சீருடை, தலைக்கு அடியில் ஒரு கை. படத்தைச் சட்டத்தில் போட்டு மாட்டிவிட்டுப் பூச்செண்டு வந்துவிட்டதா என்று பார்க்கப் போனாள்.

பதினொரு மணிக்கு யாழிசையின் அம்மா சண்முகக்கனி வந்தாள். கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆலையில் வேலை. கண்காட்சியைச் சுற்றிவந்தவள் அந்தப் படத்தின் முன்னால் நின்றாள். வெகுநேரம் நின்றாள்.

"எம் பிள்ளைதான்" என்றாள். "இப்பிடித்தான் கையத் தலைக்கடியில வச்சித் தூங்குவா."

சர்பத் தட்டோடு வந்த அனிஸ்டாவை அவள் கட்டிப்பிடித்து அழுதாள். தம்ளர்கள் சரிந்தன. அனிஸ்டா மரம்போல நின்றாள். சண்முகக்கனியின் தோளுக்கு மேலாகப் படத்தைப் பார்த்தாள். அப்போதுதான் முதல்முறை பார்க்கிறாள். பிறகு செல்வியைப் பார்த்தாள்.

சண்முகக்கனி படத்தைக் கேட்டு வாங்கிப் போனாள். ஒரு வாரம் கழித்துக் குழுமத்துக்கு அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்தப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று.

பேனாக்களைப் பார்த்துப்போக நிறுவனத்திலிருந்து ஃபைசல் என்ற பையன் மாதம் ஒருமுறை வருவான். புதன்கிழமை வந்தான். செல்வி அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"முப்பத்தாறு எப்பிடித் தம்பி எழுபத்தொண்ணு ஆகும்?"

"அந்தப் படிக்கட்டுப் படந்தான் மேடம்." அவன் மடிக்கணினியைத் திறந்தான். "பதினாலு மாசமா அந்தக் காலி இடத்துக்கு மேல பேனா நிக்குது. தாள்ல படவே இல்ல. கை நடுங்குது. ஒரு நாளைக்கு ஒம்போது நிமிஷம், பத்து நிமிஷம். அதுதான் அந்தப் பொண்ணோட நம்பரைக் கீழே கொண்டுவந்துச்சு. சொல்லப்போனா மத்ததெல்லாம் வெறும் படிக்கட்டு. அந்தக் காலி இடந்தான் அவ வரைஞ்ச படம்."

"பெறகு?"

"ஒரு நாள் காலைல நாப்பது செகண்ட்ல உருவத்தைப் போட்டு முடிச்சிருக்கா. ஒரு நடுக்கம் இல்ல. ஒரு இடத்துல நிக்கல. தன்னால செத்துப்போன பொண்ண வரையும்போது ஒரு கை இவ்ளோ சாதாரணமா இருந்துச்சுன்னா, அதுக்கு முன்னாடி நடுங்குனது எல்லாம் என்ன அர்த்தம்? சிஸ்டம் அப்படித்தான் யோசிக்குது."

"வேற யார் கையாவது இருந்தா பேனாவுக்குத் தெரியாதா?"

"பெரியவங்கன்னா தெரியும். பிள்ளைங்களுக்குக் கை மாறிட்டே இருக்கும் மேடம். மாசத்துக்கு மாசம் வேற ஆள் மாதிரி வரைவாங்க. அதனால கை மாறினா மனநிலை மாறியிருக்குன்னு எடுத்துக்கச் சொல்லியிருக்கோம்." அவன் டீயை வைத்தான். "ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்" என்றாள் செல்வி.

அந்தச் 'சும்மாதான்' நாக்கில் எவ்வளவு இலகுவாக வந்தது என்பது அவளை அன்று முழுக்க உறுத்திக்கொண்டிருந்தது. சாயங்காலம் தங்கபுஷ்பத்தின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். தங்கபுஷ்பம் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ வரைஞ்சத நான் பாக்கல. நான் வரையச் சொல்லவுமில்ல. ஓட்டையா இருக்குன்னுதான் சொன்னேன்."

"நீங்க சொன்னியன்னு சொல்ல மாட்டேன் மேடம்."

"அதுக்கில்ல செல்வி. யோசி. ஒன் வேலை மட்டுமா போவும்? பதினோரு பிள்ளைய நம்பரும் சந்தேகத்துக்கு வரும். கோமதி அடுத்த வாரம் வீட்டுக்குப் போறா. அவ பரோட்டாவுல நீ கை வைக்கலன்னு சத்தியம் பண்ணுவியா?"

செல்வி பரோட்டாவுக்கு நிழல் போட்டிருந்தாள்.

"வகுப்பையே மூடிருவாவ. பெறவு பழையபடி அழுகைதான். அந்த அம்மா வேற படத்தக் கொண்டுபோய் வச்சிருக்கு. அதப் போயி பொய்யின்னு சொல்லப் போறியா?"

அவர் சொன்னது ஒவ்வொன்றும் நியாயமாக இருந்தது. வெளியே வந்தபோது செல்விக்கு மூச்சு சீராக வந்தது. தான் ஆறுதல் அடைந்திருக்கிறோம் என்று தெரிந்தபோது பாதி வராந்தாவில் நின்றுவிட்டாள்.

வியாழக்கிழமை வகுப்பு முடிந்து மற்றவர்கள் குழாயடியில் தூரிகை கழுவும்போது அனிஸ்டாவை நிறுத்திவைத்தாள்.

"நாளைக்கு ஜட்ஜம்மாகிட்ட நான் சொல்லிருதேன்."

"என்னத்த?"

"நான்தான் அத வரைஞ்சேன்னு."

"வேண்டாம் டீச்சர்."

"சென்னைக்குப் போட்ருவாவட்டி. நாலு வருசம்."

"தெரியும்." அனிஸ்டா பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். "அந்த அம்மா கடுதாசியில எழுதியிருந்தாவளாம். சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்காவ. தெனமும் பூ வைக்காவ. எனக்கு அத வரைய வரல. நீங்க வரைஞ்சிட்டிய. இருக்கட்டும்."

"நீ ஏன் என்கிட்ட அன்னைக்கே கேக்கல? ஏன் வரைஞ்சியன்னு?"

"நீங்க டீச்சர்லா" என்றாள் அனிஸ்டா.

பதினேழு வயதுப் பிள்ளை ஒதுங்கி நின்று வழிவிட்டதைப் போலிருந்தது. அந்த வழியில் போய்விடலாம் என்று செல்வி நினைத்தாள். வீட்டில் சமைக்கும்போதும், மறுநாள் காலையில் சேலை மடிப்பு வைக்கும்போதும் நினைத்தாள்.

விசாரணை அறையில் ஒரு நீள மேசை. நடுவில் நீதிபதி, இரண்டு பக்கமும் உறுப்பினர்கள். ஓரத்தில் திரையோடு ஃபைசல். அனிஸ்டாவின் அப்பா விசைப்படகு எஞ்சின் பழுதுபார்ப்பவர். நகக்கண்ணில் கிரீஸோடு வந்து நின்றார். படத்தைக் கொண்டுவரும்படி குழுமம் கேட்டிருந்ததால் சண்முகக்கனி அதை ஒரு துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். துண்டை விலக்கியபோது சட்டத்தின் மேல் விளிம்பில் காய்ந்த பிச்சிப்பூ ஒட்டியிருந்தது.

"இதை நீதான் வரைஞ்சியா?" என்றார் நீதிபதி.

"ஆமா மேடம்."

"கீழே இருக்கிற இந்த உருவம்?"

"ஆமா."

"வரையும்போது என்ன நினைச்சே?"

அனிஸ்டா யோசித்தாள். "ஒண்ணும் நினைக்கல மேடம்."

உறுப்பினர்களில் ஒருவர் பெருமூச்சு விட்டார். நீதிபதி கோப்பைப் பக்கத்தில் இழுத்து எழுதத் தொடங்கினார். செல்வி எழுந்தாள். எழுந்த பிறகுதான் எழுந்துவிட்டோம் என்று தெரிந்தது.

"அது நான் வரைஞ்சது மேடம்."

"நீங்க சொல்லிக்கொடுத்தீங்களா?"

"இல்ல மேடம். நான் வரைஞ்சேன். பிள்ளை அப்போ அடுப்படியில இருந்தா. அவளுக்குத் தெரியாது."

சண்முகக்கனி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"இப்போ ஏன் சொல்றீங்க? நேத்துவரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

செல்வி மேசைமேல் இருந்த படத்தைப் பார்த்தாள்.

"பிள்ளையைக் காப்பாத்த ஆசிரியர்கள் எதையாவது சொல்றது புதுசில்ல" என்றார் நீதிபதி. "ஃபைசல், இதைச் சோதிக்க முடியுமா?"

"முடியும் மேடம். டீச்சர் அதே பேனாவால அதே உருவத்தை இங்கேயே வரையட்டும். ஒப்பிட்டுப் பார்த்துடலாம்."

தாள் வந்தது. அனிஸ்டாவின் பேனா வந்தது. மேசையின் அந்தப் பக்கத்தில் மூன்று முழத் தூரத்தில் சண்முகக்கனி உட்கார்ந்திருந்தாள். செல்வி தன் கை நடுங்க வேண்டும் என்று விரும்பினாள். நடுங்கும் என்றுதான் எதிர்பார்த்தாள். பேனா தாளைத் தொட்டதும் கை அதன்பாட்டுக்குப் போயிற்று. பின்னல் ஒன்று, பின்னல் இரண்டு, காலர், முழங்கை, தலைக்கு அடியில் கை. நிமிர்ந்தபோது சண்முகக்கனி அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முப்பத்தெட்டு செகண்ட்" என்றான் ஃபைசல். விசைகளைத் தட்டினான். "பொருந்துது மேடம். அழுத்தம், வேகம் எல்லாம். இதை எடுத்துட்டா அனிஸ்டாவோட எண் முப்பத்துமூணு." அவன் மேலும் சொல்லியிருக்க வேண்டியதில்லை, வேலையில் ஒழுங்கு உள்ள பையன். "எகிறினது பூரா டீச்சரோட கைதான்."

ஓர் உறுப்பினர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

மற்றவை விரைவாக முடிந்தன. அனிஸ்டா திங்கட்கிழமை வீட்டுக்குப் போகலாம். செல்வி மறு உத்தரவு வரும்வரை இல்லத்துக்குள் வரக் கூடாது. பதினோரு பிள்ளைகளின் எண்களும் நிறுத்திவைக்கப்படும். வேறு படங்கள் எவற்றில் கைவைத்தாள் என்று எழுதித் தர வேண்டும். செல்வி எழுதினாள். முதலில் கோமதியின் பெயர்.

சண்முகக்கனி அனிஸ்டாவைப் பார்த்துக் கேட்டாள். "நீ வரையலையா அப்போ?"

"இல்லம்மா. என்னால முடியல."

"வரையாததுதான் அவ வருத்தத்துக்கு அடையாளம்னு மெஷின் சொல்லுதும்மா" என்றார் நீதிபதி. குரலைத் தணித்துச் சொன்னார். "தம்பி, அதை அம்மாவுக்குக் காட்டுங்க."

ஃபைசல் திரையைத் திருப்பினான். பதினான்கு மாதங்களாக அந்தப் பேனா தாளைத் தொடாமல் காற்றில் போட்ட கோடுகள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. சீப்பிலிருந்து எடுத்துச் சுருட்டிய முடியைப் போல ஒரு சிடுக்கு. சண்முகக்கனி எழுந்து அருகில் போய்ப் பார்த்தாள். தலையைச் சாய்த்தும் பார்த்தாள்.

"இதுல எம் மக எங்க இருக்கா?"

அனிஸ்டா தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உங்க கடிதத்தை வாபஸ் வாங்கணும்னா வாங்கலாம்மா" என்றார் நீதிபதி.

"இருக்கட்டும். எழுதுனது எழுதுனதுதான். நாலு வருசம் அவ உள்ள கெடந்து எனக்கு என்ன?" சண்முகக்கனி சட்டத்தில் ஒட்டியிருந்த பூவைக் கிள்ளி எடுத்துத் துண்டில் முடிந்துகொண்டாள். படத்தைக் கொண்டுவந்து செல்வியின் கையில் கொடுத்தாள். "இது ஒங்க படம்லா. நீங்களே வச்சிக்கிடுங்க."

வராந்தாவில் அனிஸ்டாவின் அப்பா செல்வியைப் பார்த்துக் கும்பிட்டார். அனிஸ்டா கும்பிடவில்லை.

"ஏன் டீச்சர் சொன்னிய?" என்றாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன. இத்தனை மாதத்தில் செல்வி அதைப் பார்த்ததில்லை. "அந்த அம்மாவுக்கு அதாவது இருந்துச்சே."

அப்பா அவள் தோளைத் தொட்டார். இருவரும் போனார்கள்.

பேருந்தில் கூட்டம் இல்லை. துண்டு இல்லாததால் படத்தை அப்படியே மடியில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கவிழ்த்து வைத்தாள். கண்ணாடி முழங்காலில் உறுத்தியதால் திருப்பினாள். பக்கத்தில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

"நல்லாருக்கே. யாரு வரைஞ்சது?"

"நான்தான்."

"ஏயப்பா. படியில எப்பிடிப் படுத்துருக்கா பாருங்க. ஒங்க மகளா?"

"இல்ல."

"பெறகு யாரு?"

செல்வி அந்த உருவத்தைப் பார்த்தாள். யாழிசையின் புகைப்படத்தைக்கூட அவள் பார்த்ததில்லை, பார்க்க வேண்டும் என்று கேட்டதும் இல்லை. இந்த மூக்கும் பின்னலும் இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிச் சுவர்களில் அவள் வரைந்துவந்தவை. மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, புத்தகம் படித்துக்கொண்டு, தடுப்பூசிக்கு வரிசையில் நின்றுகொண்டு இருந்த பெண். இங்கே படுக்கவைத்திருந்தாள், அவ்வளவுதான்.

"தெரியாது" என்றாள்.

அந்தப் பெண் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு படத்தை நன்றாக ஒருமுறை பார்த்தாள்.

"தெரியாத பிள்ளையவா இவ்வளவு அச்சு அசலா வரைஞ்சிய?" என்றாள்.